சாம்பியன்ஷிப் கோல்ஃப் கொடிகள் சேர்ப்பது எப்படி: தேர்வு முதல் ஃப்ரேம் வரை

கோல்ஃப் குழியின் கம்பத்தில் பறக்கும் கொடியைச் சேர்க்க ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேர் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். இணையத்தில் மஞ்சள் நிற மாஸ்டர்ஸ் போட்டிக் கொடி ஒன்று கண்ணில் படும், உடனே வாங்கிவிடுவார்கள். அது உறைக்குள் எட்டாக மடிந்து வந்து சேரும். அப்புறம்தான் கேள்வி வரும்: "அண்ணே, கொடி வந்துருச்சு. இது ஒரிஜினல்தானா? எங்க ஃப்ரேம் போடுறது?" இரண்டுக்கும் பதில் பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கில் மலிவானது கொடிதான். அதிகாரபூர்வக் கடையில் ஒரு நல்ல டீ-ஷர்ட் விலைக்குக் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஏறுகிற தபால், வரி, கையெழுத்துச் சான்று, ஃப்ரேம் இவைதான் பணத்தைத் தின்னும். எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, கசங்கலை எடுத்த பிறகு கையெழுத்து, கையெழுத்து காய்ந்த பிறகு ஃப்ரேம்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை: அளவு நாடா, நெருங்கிப் படம் எடுக்கக்கூடிய கைபேசி, டார்ச், வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு, அமிலமில்லாத டிஷ்யூ தாள், கெட்டியான அட்டைப் பலகை, பெரிய கிளிப்புகள், புதிய ஷார்பி மார்க்கர், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எல்லாமே சிங்கப்பூரில் எளிதில் கிடைப்பவை. டிஷ்யூ தாளை மட்டும் ஓவியப் பொருள் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். அன்பளிப்புப் பொருள் சுற்றும் தாள் இதற்கு ஆகாது, நாளாக ஆக மஞ்சள் கறை விடும்.

1. எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கொடி ஒன்று என்றால் பிரச்சினை இல்லை. பத்தாகும்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சுவர் போதாது. எல்லை வகுக்காதவர்கள் எதையெல்லாமோ வாங்கி, கடைசியில் எதையும் மாட்டாமல் அலமாரியில் திணித்துவிடுகிறார்கள்.

நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகள் சில உண்டு. கோல்ஃபின் மிகப் பெரிய நான்கு போட்டிகளான 'மேஜர்'களில் (மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓபன், பிரிட்டனின் ஓபன்) ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு கொடி சேர்க்கலாம். பிரிட்டனின் ஓபன் போட்டி இதற்கு ரொம்பவும் ஏற்றது, ஏனென்றால் ஆண்டுதோறும் திடல் மாறும்: 2022இல் செயின்ட் ஆண்ட்ரூஸ், 2023இல் ராயல் லிவர்பூல், 2024இல் ராயல் ட்ரூன், 2025இல் ராயல் போர்ட்ரஷ். ஒவ்வொரு கொடிக்கும் தனி முகம் இருக்கும். மாஸ்டர்ஸ் எப்போதும் அமெரிக்காவின் அகஸ்டா திடலில்தான் நடக்கிறது, அதனால் வரிசையாக மாட்டினால் ஆண்டு எண் மட்டுமே மாறித் தெரியும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது.

இரண்டாவது வழி, நீங்கள் விளையாடிய அல்லது நேரில் போய்ப் பார்த்த திடல்கள் மட்டும். மூன்றாவது, கையெழுத்திட்ட கொடிகள் மட்டும். இதுதான் அதிகச் செலவும் அதிக ஏமாற்றும் உள்ள வழி.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நான்காவது வழி: உள்ளூர்த் திடல்களிலிருந்து ஆரம்பியுங்கள். செந்தோசாவின் செராப்போங் திடலில் சிங்கப்பூர் ஓபன் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது, 2023இலிருந்து எல்ஐவி என்ற தொழில்முறைத் தொடரின் போட்டியும் நடக்கிறது. பக்கத்திலேயே உள்ள தஞ்சோங் திடலில் 2017இலிருந்து எச்எஸ்பிசி மகளிர் உலகப் போட்டி. லகுனா நேஷனல் திடலில் 2006 சிங்கப்பூர் மாஸ்டர்ஸை வென்றவர் நம்மூர்க்காரர் மர்டான் மாமாட். 2008 சிங்கப்பூர் ஓபனை வென்றவர் இந்திய வீரர் ஜீவ் மில்கா சிங். கதை தெரிந்த கொடி நான்கு இருந்தால் போதும், விருந்தாளி வரும்போது பேச விஷயம் இருக்கும். போக்குவரத்துச் செலவு எம்ஆர்டி கட்டணத்தோடு முடிந்துவிடும்.

மூடப்பட்ட திடல்களையும் மறக்காதீர்கள். ஜூரோங் கண்ட்ரி கிளப்பும் ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப்பும் அதிவேக ரயில் திட்டத்துக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவை. மரினா பே கோல்ஃப் திடல் 2024இல் மூடப்பட்டது. அந்தச் சின்னம் போட்ட கொடி இனி யாரும் தைக்கப் போவதில்லை. பழைய உறுப்பினர்கள் வீட்டைக் காலி செய்யும்போது இவை கேரோசல் என்ற இணையச் சந்தையில் சொற்ப விலைக்கு வரும்.

2. கொடியின் வகையைப் புரிந்துகொள்ளுங்கள்

விற்பவர் 'ஒரிஜினல்' என்று சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, கடையில் விற்பதற்கென்றே செய்த நினைவுக் கொடி. சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி இதுதான், இதை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது, திடலில் அன்றாடம் பறந்து வெயிலில் வெளுத்த கொடி. மூன்றாவது, போட்டி நாளில் குழியில் நின்ற கொடி.

இந்த மூன்றாவது வகையில் எச்சரிக்கை வேண்டும். வென்றவரின் கேடி (மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர்), கடைசி நாளன்று 18ஆம் குழிக் கொடியைக் கழற்றி எடுத்துப்போவது பழைய வழக்கம். 2021 மாஸ்டர்ஸை ஹிடேக்கி மட்சுயாமா வென்றபோது, அவருடைய கேடி கொடியைக் கழற்றிக்கொண்டு கம்பத்தை மட்டும் குழியில் திரும்ப வைத்து, திடலை நோக்கித் தலைவணங்கியது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட கொடி எப்படி ஒரு முன்பின் தெரியாத விற்பனையாளர் கைக்கு வந்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அது நினைவுக் கொடி என்று வைத்துக்கொண்டு அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். நினைவுக் கொடிகளிலும் 18 என்ற எண் அச்சாகியிருக்கும், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, செய்முறை. ஸ்கிரீன் பிரிண்ட் செய்த நைலான் கொடி மெல்லியது, விலை குறைவு, கையெழுத்து வாங்க வசதியானது. எம்பிராய்டரி கொடி பார்க்க அழகு. ஆனால் தையலின் மேல் மார்க்கர் ஓடாது, வெறும் துணி உள்ள இடத்தில்தான் கையெழுத்து விழும். கையெழுத்துதான் நோக்கம் என்றால் சின்னம் சிறியதாக, வெற்றிடம் அதிகமாக உள்ள கொடியாகப் பாருங்கள்.

அளவு பெரும்பாலும் 20 அங்குல அகலம், 14 அங்குல உயரம். சில நினைவுக் கொடிகள் இதைவிட ஓர் அங்குலமோ மூன்று அங்குலமோ சிறியவை. விற்பவரிடம் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஃப்ரேம் இதை வைத்துத்தான்.

கம்பத்தில் மாட்டும் பக்கத்தையும் பாருங்கள். சிலவற்றில் பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கும், சிலவற்றில் உலோக வளையங்கள் இருக்கும். குழாய் இருந்தால் கொடி ஒரு பக்கம் புடைத்து நிற்கும், அதற்கேற்ற ஆழமான ஃப்ரேம் வேண்டும்.

3. எங்கே வாங்குவது

ஓபனுக்கும் யுஎஸ் ஓபனுக்கும் அதிகாரபூர்வ இணையக் கடைகள் உண்டு. வாங்குவதற்கு ஏற்ற நேரம் போட்டிக்கு முந்தைய வாரங்கள். போட்டி முடிந்து, வென்றவர் பெரிய பெயராக இருந்துவிட்டால், ஆண்டு எண் போட்ட கொடி தீர்ந்துபோய் மறுவிற்பனைச் சந்தைக்குப் போய்விடும்.

மாஸ்டர்ஸ் தனி ரகம். அந்தப் பொருள்கள் போட்டி வாரத்தில் அகஸ்டா திடலுக்குள் இருக்கும் கடையில் விற்பவை. நுழைவுச்சீட்டு இல்லாமல் கடைக்குள் போக முடியாது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் மாஸ்டர்ஸ் கொடி ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் கை. அதற்காக அது போலி என்று பொருளில்லை, விலையில் ஒருவரின் லாபம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தெரிந்தவர் யாராவது அகஸ்டாவுக்குப் போகிறார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. கடையில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இதுவா அதுவா" என்று கேட்க முடியாது. ஆண்டு எண் போட்டதா போடாததா, எம்பிராய்டரியா பிரிண்டா, எத்தனை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். சுருட்டி வைக்க ஓர் அட்டைக் குழாயையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

பிள்ளைகள் பிரிட்டனில் படிக்கிறார்கள் என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ் எளிது. ஓல்ட் கோர்ஸ் பொது நிலத்தில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை, மக்கள் உள்ளே நடக்கலாம். கோல்ஃப் மட்டையையே தொடாதவர்கூடத் திடலோரக் கடையில் கொடி வாங்கி வரலாம்.

சிங்கப்பூரில், போட்டி நடக்கும் இடத்தில் கொடி விற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். தொப்பியும் சட்டையும்தான் பெரும்பாலும் முன்னால் இருக்கும். கிளப்பின் ப்ரோ ஷாப்பில் (கிளப்புக்குள் உள்ள கோல்ஃப் பொருள் கடை) கேளுங்கள். செந்தோசா வெளியாட்களும் விளையாட வரும் இடம் என்பதால் விசாரிப்பது எளிது. உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப் என்றால் உறுப்பினராக உள்ள நண்பர் வழியாகப் போங்கள். பழைய கொடியை மாற்றும்போது கழித்ததைத் தருவார்களா என்றும் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

4. பணம் அனுப்பும் முன் சோதியுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். விற்பனையாளர் போட்டிருக்கும் படம் போதாது. முன்பக்கம், பின்பக்கம், ஓரத் தையல், மாட்டும் பகுதி, உற்பத்திச் சீட்டு இருந்தால் அதுவும், என்று புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய ஒரு தாளை வைத்து எடுக்கச் சொல்வது நல்லது, வேறெங்கிருந்தோ எடுத்த படமாக இருந்தால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

எம்பிராய்டரிக் கொடியில் பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். நல்ல தையலில் பின்னால் உள்ள நூல் சீராக, நெருக்கமாகப் படிந்திருக்கும். எழுத்துக்கு எழுத்து தாவும் நூல் வெட்டப்பட்டிருக்கும். மட்டமான நகலில் நூல் தொங்கும், எழுத்தைச் சுற்றித் துணி சுருங்கி இழுத்திருக்கும், சிறிய எழுத்துகளின் நடுத் துளை அடைபட்டிருக்கும். மாஸ்டர்ஸ் சின்னத்தில் அமெரிக்க வரைபடத்தின் மேல் ஒரு கொடிக் கம்பம் நிற்கும். அது ஊன்றியிருக்க வேண்டிய இடம் ஜார்ஜியா மாநிலம். போலிகளில் ஃபுளோரிடாவின் வால் மொண்ணையாகவும் கம்பம் இடம் தவறியும் இருப்பது உண்டு. அதே ஆண்டுக் கொடியின் நம்பகமான படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தோன்றும்.

கையெழுத்திட்ட கொடிக்கு முதல் சோதனை நாட்காட்டி. கோல்ஃப் வீரர் செவெ பலெஸ்டெரோஸ் 2011 மே மாதம் காலமானார், ஆர்னால்டு பாமர் 2016 செப்டம்பரில். அதற்குப் பிந்தைய ஆண்டு எண் போட்ட கொடியில் அவர்கள் கையெழுத்து இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். பெய்ன் ஸ்டூவர்ட் பைன்ஹர்ஸ்ட் திடலில் யுஎஸ் ஓபனை வென்றது 1999 ஜூனில், விமான விபத்தில் இறந்தது அதே ஆண்டு அக்டோபரில். அந்த 1999 கொடியில் அவர் கையெழுத்து சாத்தியம்தான், ஆனால் நான்கு மாத இடைவெளியில் போட்டது என்பதால் மிக அரிது. 2005இலும் பைன்ஹர்ஸ்டில் யுஎஸ் ஓபன் நடந்தது. அந்தக் கொடியில் அவர் கையெழுத்து என்றால் ஏமாற்று. இந்தக் கணக்குப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் புதியவர்கள் கையெழுத்தின் வளைவு நெளிவையே உற்றுப் பார்த்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது சோதனை மை. நெருக்கமாக எடுத்த படத்தில், கோடு கோட்டைக் கடக்கும் இடம் சற்று அடர்த்தியாகத் தெரிய வேண்டும். கை வேகமாக ஓடிய இடத்தில் மை மெலிந்து, நெசவின் இடைவெளியில் ஒழுங்கில்லாமல் இறங்கியிருக்கும். எல்லாக் கோடும் ஒரே கருமையில், ஒரே தடிப்பில் இருந்தால் அது அச்சாக இருக்கலாம். கொடியை நேரில் பார்க்க வாய்த்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, சான்று. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய நிறுவனங்கள் சான்றளித்த பொருளில் எண் போட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அந்த எண்ணை அவர்களின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. அந்த எண்ணுக்குரிய விவரம் நீங்கள் வாங்கப்போகும் கொடியோடு ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் ஒட்டுச்சீட்டையும் நகல் எடுக்கிறார்கள். டைகர் வுட்ஸ் கையெழுத்து என்றால் அப்பர் டெக் நிறுவனத்தின் ஹோலோகிராம் உள்ளதா என்று முதலில் பாருங்கள், அவர் பல ஆண்டுகளாக அவர்களோடு ஒப்பந்தத்தில் இருப்பவர். கடைக்காரரே அச்சடித்துக் கொடுக்கும் 'உண்மைச் சான்றிதழ்' தாளுக்கு என்னைக் கேட்டால் மதிப்பு இல்லை. விற்பவரே தன் பொருளுக்குச் சாட்சி சொன்னால் எப்படி?

5. தபாலும் வரியும்

மடிக்காமல், சுருட்டி, அட்டைக் குழாயில் அனுப்பச் சொல்லுங்கள். எம்பிராய்டரி வெளிப்பக்கம் வரும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் தையலைச் சுற்றித் துணி நசுங்கிச் சுருக்கம் விழும். இதற்குக் கூடுதலாகச் சில வெள்ளி கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். கையெழுத்திட்ட கொடியில் விழுந்த மடிப்பை இஸ்திரி போட்டு எடுக்க முடியாது.

பொருள் சேவை வரி இப்போது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு மிகாத பொருளுக்கு, சிங்கப்பூரில் பதிவு செய்த பெரிய இணையத்தளங்கள் 2023 முதல் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுகின்றன. 400ஐத் தாண்டினால் பொருள் உள்ளே வரும்போது கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் தபால் செலவும் காப்பீடும் சேரும். 450 வெள்ளிக் கொடிக்கு 50 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் 500க்கு 9 விழுக்காடு, அதாவது 45 வெள்ளி. கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் மேலே போடும். ரசீதில் வரி ஏற்கெனவே கட்டியதாக இருந்தால் அதை எடுத்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை கட்ட நேரிடும்.

கையில் கொண்டுவந்தால் கணக்கு வேறு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து திரும்பினால் 500 வெள்ளி வரை விலக்கு, அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி. காலையில் ஜோகூர் போய் ஆடிவிட்டு மாலையில் திரும்புகிறவர்களுக்கு இரண்டாவதுதான். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை, சாங்கி விமான நிலையத்தில், வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியாக நடந்து போய்விடுகிறார்கள்.

6. கசங்கலை எடுங்கள், கையெழுத்துக்கு முன்பே

கையெழுத்து இல்லாத நைலான் கொடியை இஸ்திரி போடலாம். இஸ்திரிப் பெட்டியில் சூடு ஒரு புள்ளி அளவு மட்டும், நீராவி வேண்டாம், மேலும் கீழும் பருத்தித் துணி. நைலான் சூட்டில் இளகிப் பளபளப்பாகிவிடும், அந்தப் பளபளப்பு போகாது. எம்பிராய்டரி என்றால் தையலை மெத்தென்ற துண்டின் மேல் கவிழ்த்துப் பின்பக்கமாகத் தேயுங்கள்.

கையெழுத்து இருந்தால் சூடு, தண்ணீர் இரண்டும் கூடாது. இரண்டு டிஷ்யூ தாள்களுக்கு நடுவே பரப்பி, கனமான புத்தகங்களை மேலே வைத்துச் சில நாள் விட்டுவிடுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் பாதி இறங்கும். ஃப்ரேமில் இழுத்துத் தைக்கும்போது மீதியும் மறையும்.

7. நேரில் கையெழுத்து வாங்குதல்

சிங்கப்பூரில் இருப்பதன் உண்மையான லாபம் இங்கேதான். உலகத் தரவரிசை வீராங்கனைகள் பிப்ரவரி, மார்ச் வாக்கில் செந்தோசாவுக்கே வருகிறார்கள். யார் வருகிறார் என்று பார்த்து, அவருக்குப் பொருத்தமான கொடியை மாதங்களுக்கு முன்பே வாங்கி வையுங்கள். லிடியா கோ 2024இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் மகளிர் ஓபனை வென்றவர், 2025இல் தஞ்சோங்கிலும் வென்றார். ஓல்ட் கோர்ஸ் கொடி ஒன்றோடு செந்தோசாவில் நின்றால் அவர் கையெழுத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணி வேறில்லை. ஹன்னா கிரீன் 2024இல் தஞ்சோங்கில் வென்றவர், அவருக்கு உள்ளூர்க் கொடியே சரி.

கொடியை அட்டைப் பலகையில் இழுத்து நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள். தொளதொளவென்று நீட்டினால் வீரர் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத வேண்டும், மார்க்கர் துணியில் சிக்கி நிற்கும், நின்ற இடத்தில் மை பொட்டாகப் பரவும். பலகை இருந்தால் இரண்டு விநாடியில் வேலை முடிந்து அடுத்தவரிடம் போய்விடுவார்.

மஞ்சள், வெள்ளைக் கொடிக்குக் கறுப்பு அல்லது நீல மெல்முனை ஷார்பி. கருநீலம், பச்சைக்கு வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர், அதை முதலில் வேறு தாளில் அழுத்தி மையை இறக்கி வைக்க வேண்டும். எந்த மார்க்கராக இருந்தாலும் கொடியின் ஓர மடிப்பில், உள்பக்கம், ஒரு புள்ளி வைத்துப் பரவுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். மூடியைக் கழற்றி, முனை உங்கள் பக்கம் இருக்கும்படி நீட்டுங்கள். அவசரத்தில் முனையை அவர் பக்கம் நீட்டி, வெள்ளைக் கையுறையில் கோடு போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன் கேட்காதீர்கள், கவனம் வேறெங்கோ இருக்கும். ஆட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் வழியில் நிற்பதுதான் பலன் தரும். பிள்ளைகளை முன்னால் விடுங்கள், அது மரியாதையும்கூட. அகஸ்டாவுக்குப் போகும் வாய்ப்பு வந்தால், அங்கே திடலுக்குள் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்பது விதி, ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான்.

நம் வானிலையையும் கணக்கில் வையுங்கள். வீரரின் கையில் சன்ஸ்கிரீன், வியர்வை எல்லாம் இருக்கும். கை படும் இடத்தில் ஒரு தாளைப் போட்டு வைத்தால் கொடியில் எண்ணெய்க் கறை விழாது. மதியம் இடி எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் ஆட்டம் நிற்கும், பின்னாலேயே மழை கொட்டும். பலகை முழுதாக நுழையும் அளவுக்கு ஒரு ஜிப் பை கையோடு இருக்கட்டும். ஆனால் மை காயும் முன் உள்ளே போடாதீர்கள். குறைந்தது பத்து நிமிடம் நிழலில் பிடித்திருங்கள்.

8. அன்றே பதிவு செய்யுங்கள்

கையெழுத்து போடும்போது உடன் வந்தவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கொடி, கை, முகம் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். நுழைவுச்சீட்டையும் ரசீதையும் அந்தக் கொடியின் பெயரில் ஒரு கோப்பில் போடுங்கள். பின்னாளில் விற்கவோ சான்றுக்கு அனுப்பவோ இதுதான் கைகொடுக்கும்.

9. ஃப்ரேம்

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஃப்ரேம் போடுபவர்கள் உண்டு, பல பேட்டைகளிலும் உண்டு. கடை எதுவாக இருந்தாலும், நீங்கள் சொல்லாவிட்டால் சுவரொட்டிக்குச் செய்வதுபோலச் சூட்டில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய கொடியை மறுபடி எடுக்க முடியாது, மதிப்பும் போய்விடும். எனவே ஆர்டர் கொடுக்கும்போது நான்கு விஷயங்களை எழுதியே கொடுங்கள்.

ஒன்று, பசை, இருபக்க டேப், ஸ்பிரே எதுவும் வேண்டாம். துணி போர்த்திய அமிலமில்லாத பலகையில், ஓர மடிப்பு வழியாக மட்டும், மெல்லிய நூலால் கையால் தைக்க வேண்டும். கடைக்காரர் தயங்கினால் பலகையை வாங்கி வந்து நீங்களே தைத்துவிடலாம். மேல் ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல், கீழ் ஓரத்தில் அதைவிடக் குறைவாக. கீழே தளர்வாக விடுவதற்குக் காரணம், ஏர்கான் போட்டு நிறுத்தும்போது துணி சுருங்கி விரியும், எல்லாப் பக்கமும் இறுக்கினால் நடுவில் அலை அலையாக எழும்பும்.

இரண்டு, கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. இடையே ஸ்பேசர் (இடைவெளி விடும் பட்டை) வேண்டும். நம் ஈரப்பதத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், மை கண்ணாடியில் ஒட்டும். மூன்று, சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக். விலை கூடுதல்தான், ஆனால் நைலானும் மார்க்கர் மையும் வெயிலில் முதலில் அடிவாங்குபவை. நான்கு, பின்பக்கக் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ்கள், சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே காற்றுப் போக.

20க்கு 14 அங்குலக் கொடிக்கு நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விட்டால் உள் அளவு 26க்கு 20. கம்பத்தில் மாட்டும் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் குழாயை வெளியே இழுக்க முடிந்தால் எடுத்துத் தனியாக வையுங்கள். முடியாவிட்டால் ஃப்ரேமின் ஆழத்தை அதற்கேற்பக் கேளுங்கள்.

10. மாட்டும் இடமும் சேமிக்கும் இடமும்

மாலை வெயில் அடிக்கும் மேற்குப் பார்த்த சுவரை முதலிலேயே விலக்குங்கள். சமையலறை, குளியலறைக்கு ஒட்டிய சுவரும் வேண்டாம். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் ஊதுவத்திப் புகை ஃப்ரேமின் இடுக்கு வழியாக உள்ளே போய்ப் படியும்.

மாட்டாத கொடிகளைப் பலர் பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் உள்ள குண்டுத் தாக்குதல் பாதுகாப்பு அறை) வைக்கிறார்கள். கதவை மூடினால் காற்றோட்டம் குறைந்துபோகும் அந்த அறை துணிக்கு ஏற்றதல்ல. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். கேமராக்காரர்கள் வாங்கும் டிரை கேபினெட் ஒன்று இருந்தால் 45 முதல் 55க்குள் வைத்து, கொடிகளை டிஷ்யூ சுற்றிய அகலமான குழாயில் சுருட்டி அடுக்குங்கள். அது இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு மலிவான ஈரப்பத மானி. ஜெல் நிறம் மாறினால் உடனே மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டால் பெட்டி ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். வெள்ளையாகப் பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தால் அந்தக் கொடியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, ஏர்கான் அறையில் ஒரு நாள் உலர விடுங்கள். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். கையெழுத்து இருந்தால் அந்த இடத்தைத் தூரிகை தொட வேண்டாம். அது இருந்த பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, டிஷ்யூவையும் ஜெல்லையும் புதிதாக மாற்றிய பிறகே மற்றக் கொடிகளைத் திரும்ப வையுங்கள்.